கனல்கோழிக் கடை அடுப்பு

நேசமணிக் கொத்தனார் மண் மிதிக்கத் தொடங்கி அன்றைக்கு மூன்றாம் நாள். கிள்ளிப்பாலத்துக் கடையின் பின்கட்டில் வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக் கட்டிக்கொண்டு, உமியும் தேங்காய் நாரும் சாம்பலும் போட்ட களிமண்ணைச் சலிக்காமல் மிதித்தார். வெளியே மழை. திருவனந்தபுரத்து மழைக்கு வந்தோம், பெய்தோம், போனோம் என்கிற வழக்கமே கிடையாது. வந்து உட்கார்ந்து ஊர்க்கதை முழுக்கப் பேசித் தீர்த்துவிட்டுத்தான் எழுந்திருக்கும்.

கடை போடப்போகிற திரவியம் பக்கத்தில் நின்று வேலை சொன்னார். அவருக்கு அடுப்பு கட்டத் தெரியாது. ஆனால் சொல்லத் தெரியும்.

"ஆறடி நீளம் வேணும் கொத்தனாரே. இடுப்பு ஒசரம். நடுவில ஒரு முழம் பள்ளம். அதுல தேங்காச் சிரட்டைக்கரி கனலாட்டு கிடக்கும். மேல கம்பி, கம்பியில கோழி. பஸ்ராவில ஒரு அறபி இப்பிடித்தான் வச்சிருந்தான்."

"அறபிக்க ஊருல மழை உண்டா அண்ணாச்சி?"

"மழையா? மூணு வருசம் கிடந்தேன். மேகத்தையே மூணு தடவைதான் கண்டேன்."

"அப்பம் அவனுக்க அடுப்பு நாலு நாளில காயும். நம்ம அடுப்பு காய முப்பது நாளு ஆவும். பொறவு என்னைக் குத்தம் சொல்லப்பிடாது."

முத்தாரம்மாள் ஒரு மூலையில் குந்தி உட்கார்ந்து சாம்பல் சலித்துக்கொண்டிருந்தாள். புருஷன் பேசுவதைக் கேட்க அவளுக்குச் சிரிப்பாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. இத்தனை ஆசையோடு இந்த மனிதர் பேசி எத்தனை காலமாயிற்று! சண்டைக் காலத்தில் பட்டாளத்துச் சமையல்காரராகப் பஸ்ராவுக்குப் போனவர். திரும்பி வந்தபின் ஆறு வருஷமாகச் சாலைக் கடைத்தெரு ஹோட்டல்களில் யார் யாருக்கோ சாம்பார் கிண்டினார். முதலாளிமார் 'ஏய்' என்று கூப்பிடுவார்கள். இவர் 'வந்தேன்' என்பார். அவ்வளவுதான் பேச்சு.

அரிசிக்கு ரேஷன் வந்து ஹோட்டல்களில் ஊணு கிடைக்காமல் ஜனங்கள் அலைகிற நேரத்தில்தான் இந்த யோசனை அவருக்கு உதித்தது. "கோழிக்கு ரேஷன் கார்டு உண்டாட்டீ?" என்று ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டே கேட்டார். "மரச்சீனிக் கிழங்குக்கு உண்டா? பின்ன என்ன? கனல்கோழி, கிழங்கு, காந்தாரி மிளகாய்ச் சட்டினி. தம்பானூரில ரயில் இறங்குகவன் மணம் பிடிச்சே இங்க வந்து சேருவான்."

அவருக்குக் கோழி. முத்தாரம்மாளுக்கு அதற்குப் பின்னால் இருந்த அறை. கடைக்குப் பின்கட்டு, பின்கட்டுக்கு அப்பால் ஒரு சின்ன அறை, ஜன்னலோடு. கரமனையில் அவர்கள் குடியிருந்தது ஒரு வீட்டின் ஓரச்சாய்ப்பு. மழைக்காலத்தில் ஆற்றுத் தண்ணீர் வாசற்படி வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். ஒன்பது வயசுப் பெண்ணை வைத்துக்கொள்ள அங்கே இடமில்லை என்று நீலாம்பாளை வடசேரியில் தன் அண்ணன் வீட்டில் விட்டிருந்தாள். விட்டு ஒன்றரை வருஷம். போன மாசம் வந்த கார்டில் நீலா எழுதியிருந்தாள்: 'அத்தை நல்லாயிருக்கா. மாமா நல்லாயிருக்கா. நான் இப்பம் பெரிய செம்பானையும் ஒத்தைக்குத் தேய்ச்சிருவேன்.' அதைப் படித்துக் காட்டிய திரவியம் கார்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். முத்தாரம்மாள் அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை.

இடத்தின் சொந்தக்காரி அம்மிணியம்மை. பின்னால் இருந்த பெரிய வீட்டில் இருந்தாள். செங்கல் அடுக்கி மாதிரிக்குத் திரவியம் சுட்டுக் கொடுத்த ஒரு கோழிக்காலைத் தின்றுவிட்டு, விரலைக்கூட நக்கிவிட்டுத்தான் கடையைத் தரச் சம்மதித்தாள். ஆனால் அவளுக்கும் ஒரு தலைவலி இருந்தது. மகளைக் கட்டிய மருமகன் அதே இடத்தில் குடைக்கடை போட வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றான்.

"திரவியம் பிள்ளே, ஞான் வாக்கு மாறுன்னவள் அல்ல," என்றாள். "ஆனா கர்க்கடக மாசம் முழுக்க கடை சும்மா கிடந்தா வீட்டில எனிக்கு சமாதானம் இல்ல. சிங்ஙம் ஒண்ணாம் தீயதி, சந்தியா நேரம் விளக்கு வைக்குந்நதுக்கு முன்ன, அவிடெ தீ எரிஞ்ஞு நிக்கணும். எரிஞ்ஞா, கடை நிங்ஙளுடெ. எரிஞ்ஞில்லெங்கில், மருமகன்றெ. கேட்டோ?"

கேட்டாயிற்று. அவள் சொன்ன கர்க்கடகம்தான் இவர்களுக்கு ஆடி, சிங்ஙம் ஒன்றுதான் ஆவணி ஒன்று. ஆடியில் புதிதாக ஒன்றையும் தொடங்கமாட்டார்கள், ஆவணி பிறந்ததும் முதல் நாளே பால் காய்ச்சினால் நல்லதுதானே என்று திரவியம் சந்தோஷமாகவே ஒப்புக்கொண்டார்.

ஆனி கடைசியில் அடுப்பு வேலை முடிந்தது. சும்மா சொல்லக்கூடாது, நேசமணி கைவேலை கைவேலைதான். வெட்டுகல்லில் அடித்தளம், அதன்மேல் நான்கு விரற்கடைக் கனத்தில் களிமண் சுவர், மூலையெல்லாம் உருட்டி, விரலை ஓட்டினால் ஒரு சொரசொரப்புக் கிடையாது. கையைக் கழுவிவிட்டு வந்து சொன்னார்.

"காத்து வேணும், அவ்வளவுதான். காலம்பற ஜன்னலைத் திறந்து வையுங்க, அந்திக்கு அடையுங்க. தண்ணி மட்டும் தொடப்பிடாது. நான் நாளைக்குப் போனக்காட்டு மலைக்கு ஏறுகேன். எஸ்டேட்டில கூலிக்காரங்களுக்கு லயம் கட்டுக வேலை. ஆவணி ஒண்ணுக்கு வந்து நானே பாத்துத் தீ போட்டுத் தாறேன்."

"தண்ணி நாங்க எதுக்குத் தொடுகோம்?" என்றாள் முத்தாரம்மாள்.

ஜன்னல் திறக்கிற வேலை அவளுடையதாயிற்று. தினமும் விடிந்ததும் கரமனைப் பாலத்தைத் தாண்டி, முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு, ஓட்டமும் நடையுமாக வருவாள். கதவைத் திறந்தால் முதலில் அந்த அறை. 'இந்தச் சுவரோரம் நீலாவுக்குப் பாய். இந்த ஆணியில அவ புத்தகப் பை.' பிறகு பின்கட்டு. அங்கே அந்த அடுப்பு சாம்பல் நிறத்தில், வெறும் உடம்போடு கிடக்கும்.

அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. அவள் பிறந்த நாளிலிருந்து மெழுகாத அடுப்பைப் பார்த்ததில்லை. விடிந்தால் அடுப்பைச் சாணியிட்டு மெழுகி ஒரு கோலம் இழுக்காமல் எந்த வீட்டில் அடுத்த வேலை நடந்தது? அதிலும் இது ஆடி. பின்வீட்டில் அம்மிணியம்மைகூட மூதேவியை வெளியே துரத்துகிறேன் என்று சொல்லி மூலைமுடுக்கெல்லாம் கூட்டி மெழுகி, தினமும் விளக்கு வைக்கிறாள். நாளைக்கு இந்த அடுப்பில் எத்தனை ஜீவன் வேகப்போகிறது! அந்தப் பாவமெல்லாம் வந்து விழுகிற இடத்தை முப்பது நாள் நாதியில்லாமல் போட்டு வைக்கலாமா?

கொத்தனார் சொன்னது அவளுக்கு மறக்கவில்லை. தண்ணி தொடக்கூடாது என்றார். சரி. சாணி எங்கே, தண்ணி எங்கே? ஆனாலும் பெரியவர் சொல்லுக்கு மரியாதை வேண்டுமே என்று தண்ணீரைக் குறைத்துக் கெட்டியாகவே கரைத்தாள். உள்பள்ளம், வெளிச்சுவர், விளிம்பு என்று ஓரிடம் விடாமல் மெழுகினாள். மேலே ஒரு சின்னக் கோலம் போட்டாள். மனசு நிறைந்துவிட்டது. மறுநாளும் மெழுகினாள். முப்பத்தொரு நாளும் மெழுகினாள்.

சாயங்காலம் ஹோட்டல் வேலை முடிந்து வருகிற திரவியம் அடுப்பைச் சுற்றி வந்து பார்ப்பார். "இப்பம்தான் இதுக்கு ஒரு ஐசுவரியம் வந்திருக்கு," என்பார். "கொத்தனான் கட்டுகான். ஆனா அடுப்பை அடுப்பாக்குகதுக்கு ஒரு பொம்பளை கை வேணும்."

அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதர் அவளை வாய்விட்டுப் பாராட்டியது இந்த ஒரு மாசத்தில் பாராட்டிய அளவுக்குக்கூட இல்லை. நீலாவுக்குக் கார்டு போடச் சொன்னாள். 'ஆவணி பத்துக்குள்ள அப்பா வந்து கூட்டிக்கிட்டு வருவா. அதுவரைக்கும் அத்தை சொல்லு கேட்டு இரு.'

ஆவணி பிறந்தது. அன்றைக்குப் பார்த்து மழை விட்டிருந்தது, வெயில்கூட அடித்தது. திரவியம் விடியுமுன்னே எட்டுக் கோழியை உரித்து, தயிரும் பூண்டும் நல்லமிளகும் புரட்டி மண்பானையில் மூடி வைத்திருந்தார். சாலைக் கடைத்தெருக் கொல்லனிடம் அடித்து வாங்கிய கம்பிகள் பளபளவென்று சாத்தியிருந்தன. 'கனல் ஹோட்டல்' என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதிய பலகை வாசலில் தொங்கியது. முத்தாரம்மாள் கடைசி முறையாக அடுப்பை மெழுகி, விளிம்பில் சந்தனமும் குங்குமமும் வைத்தாள்.

நேசமணி வந்தவர் அடுப்பைத் தொட்டார். தொட்ட கையை எடுக்கவில்லை. பிறகு நகத்தால் ஓரத்தைச் சுரண்டினார். பொருக்குப் பொருக்காகச் சாணி உதிர்ந்தது. அதற்குள்ளே மண் அவர் கட்டிவிட்டுப் போன அன்றைக்கு இருந்தது போலவே கறுப்பாக இருந்தது.

"இதுல ஆரு மொழுகினது?"

"நான்தான்," என்றாள் முத்தாரம்மாள். "தெனமும்."

"தெனமுமா? எங்கம்மா!" நேசமணி தலையில் கை வைத்துக்கொண்டார். "அக்கச்சி, நான் தண்ணி தொடப்பிடாதுன்னு சொல்லீட்டில்லா போனேன்?"

"தண்ணி தொடல்லியே. சாணிதானே?"

கொத்தனார் விரலில் ஒட்டிய சாணியை உதறினார். திரவியத்தின் பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, இன்னைக்கு இதுல தீ போடண்டாம். உள்ள ஈரம் அப்பிடியே நிக்குது, மேல சாணி அடைச்சு வச்சிருக்கு. கனல் விழுந்தா ஆவி போக வழியில்ல. பொட்டித் தெறிச்சீரும். நான் ஒரு காரியம் செய்யுகேன். ரோட்டு வேலைக்காரங்ககிட்ட பழைய தார் டிரம் கிடக்கு. ஒண்ணைக் கேட்டு வாங்கி நீளவாக்கில வெட்டி, காலு வச்சுத் தாறேன். ஒரு மணிக்கூறு மதி, கூடுதல் வேண்டாம். அதுல இன்னைக்குத் தீ எரியட்டும், கோழியைச் சுடுங்க. அடுப்பு பைய காயட்டும்."

நல்ல யோசனைதான். ஆனால் திரவியத்தின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டுமே! பஸ்ராவிலிருந்து தலைக்குள் சுமந்து வந்த அடுப்பு. அதைக் கட்டி, காய வைத்து, பொட்டு வைத்து நிறுத்தியிருக்கும்போது, முதல் பாலைத் தார் டிரம்மில் காய்ச்சச் சொன்னால் எந்த மனிதருக்குத்தான் பொறுக்கும்?

"ஓய், சாணி மொழுகினா அடுப்பு பொட்டுமா?" என்றார். "ஊரில எந்த அடுப்பு பொட்டிச்சு? எங்க அம்மைக்க அடுப்பு பொட்டிச்சா, உம்ம அம்மைக்க அடுப்பு பொட்டிச்சா?"

"அது காஞ்ச அடுப்பு அண்ணாச்சி. காஞ்ச பொறவு என்ன வேணும்னாலும் மொழுகலாம். இது பச்ச மண்ணு."

"மண்ணில என்னமும் கள்ளத்தனம் காட்டியிருப்பேரு. இப்பம் சாணி மேல போடுகேரு."

நேசமணிக்கு முகம் சிறுத்துப்போயிற்று. "முப்பது வருசமாட்டு இதுதான் தொழில்," என்றார். சுவரோரமாகப் போய் நின்றுகொண்டார். போயிருக்கலாம். போகவில்லை.

உண்மையைச் சொன்னால் அந்நேரம் முத்தாரம்மாளும் கொத்தனாரை நம்பவில்லை. 'வயசாயிற்று, என்னமோ உளறுகிறார்' என்றுதான் நினைத்தாள். திரவியம் கற்பூரத்தைக் கொளுத்திப் போட்டார். சிரட்டைக்கரி பிடித்தது. கம்பிகளுக்கிடையில் இடைவெளி, மேலே செம்பு நிற்கவில்லை. நான்கு கம்பியை நெருக்கிச் சேர்த்து அதன்மேல் பால்செம்பை ஒருவழியாக உட்கார வைத்தாள். அம்மிணியம்மை பின்வாசல் வழியாக வந்து கைகட்டி நின்று, "கொள்ளாம், கொள்ளாம்," என்றாள்.

பால் ஓரத்தில் நுரைகட்டத் தொடங்கியது. இன்னும் கொஞ்சம். பொங்கி ஒரு துளி வழிந்தால் போதும், கடை அவர்களுடையது, அறை அவர்களுடையது. முத்தாரம்மாள் குலவையிட நாக்கை மடக்கினாள். அடுப்புக்குள்ளே சின்னதாக ஒரு சத்தம் கேட்டது. இன்னொன்று. திரவியம் குனிந்து பார்த்தார்.

"தள்ளுங்க!" என்று நேசமணி ஓடிவந்து அவர் தோளைப் பிடித்து இழுக்கவும், அடுப்பு வெடிக்கவும் சரியாக இருந்தது.

வாய்விட்டு வெடித்தது. முன்சுவர் ஆறடியும் பிளந்து சரிந்தது. கனலும் மண்ணும் பாலும் கம்பியும் தரையில் கலந்து கிடந்தன. புகையா ஆவியா என்று தெரியாமல் பின்கட்டு மூடிக்கொண்டது. அம்மிணியம்மை "என்றெ பகவதீ!" என்று அலறிக்கொண்டு வெளியே ஓடினாள். யார் மேலும் பெரிதாக ஒன்றும் படவில்லை. நேசமணியின் முழங்கையில் மட்டும் கனல் பட்டுத் தோல் உரிந்திருந்தது.

ஆவி அடங்கியபின் முத்தாரம்மாள் குனிந்து ஒரு மண்கட்டியை எடுத்தாள். விண்டு பார்த்தாள். ஒரு பக்கம் சாணி, ஏடு ஏடாக, அவள் கை மெழுகிய மெழுகல். இன்னொரு பக்கம் ஈர மண். விரலால் அழுத்தினால் அமுங்கியது. கொத்தனார் சொன்னதெல்லாம் அந்தக் கட்டியில் இருந்தது.

"இன்னும் ஒண்ணும் கெட்டுப் போவல்ல அண்ணாச்சி," என்றார் நேசமணி, முழங்கையை ஊதிக்கொண்டே. "மணி பத்துகூட ஆவல்ல. நான் ஓடிப்போய் டிரம் கொண்டு வாறேன்."

திரவியம் அப்போதுதான் வாய் திறந்தார். என்னென்ன சொன்னார் என்று எழுத முடியாது. ஆறு வருஷமாக முதலாளிமாரிடம் வாங்கிய 'ஏய்' எல்லாம் சேர்ந்து அந்த மனிதர்மேல் போய் விழுந்தது. கள்ளன் என்றார். குளத்துச் சேற்றை வாரிப் பூசி ஏமாற்றியவன் என்றார். "என் கடையில இனி உம்ம கை படப்பிடாது. நீரு கொண்டுவாற டிரம்மும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். இறங்கும் வேய்!"

"இஞ்சேருங்க," என்று முத்தாரம்மாள் குறுக்கே வந்தாள். "அவரு மேல குத்தமில்ல. நான் மெழுகினதுதான். இந்தா பாருங்க, கையில எடுத்துப் பாருங்க. என்னாலதான் பொட்டிச்சு. அவரு டிரம் கொண்டு வரட்டும்."

திரவியம் கட்டியைப் பார்க்கவே இல்லை. அவளைத்தான் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். பாவம் என்பது போலப் பார்த்தார்.

"உனக்கு என்னட்டீ தெரியும்? அடுப்பு மெழுகினா குடி கெடுமா? இவன் செய்த களவை மறைக்க உன் தலையில வச்சுக் கட்டுகான், நீயும் ஏத்துக்கிட்டு நிக்கே."

"சத்தியமாட்டு நான்தான்."

"சும்மா இரி."

நேசமணி துண்டை உதறித் தோளில் போட்டார். வாசலில் நின்று திரும்பினார். "அண்ணாச்சி, அடுப்பு போனாப் போட்டு. என் வேலையில குத்தம்னு மட்டும் வெளிய சொல்லாதீங்க. நாளைக்கு என்னை ஒருத்தனும் அடுப்புக்கு விளிக்க மாட்டான்." முத்தாரம்மாளைப் பார்த்து, "நீங்க சொன்னீங்களே அக்கச்சி, அது மதி," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அதன்பிறகு அந்தப் பகல் எப்படிப் போயிற்று என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. திரவியம் தானே சரி பண்ணுகிறேன் என்று சரிந்த மண்ணையெல்லாம் வாரி வாரி அப்பினார். அப்பிய மண் நிற்குமா? வழிந்தது. செங்கல் தேடிப் போனார். கிடைத்த நான்கு கல்லும் மழையில் ஊறிக் கிடந்தன. அதையே அடுக்கிக் கரியைக் கொட்டினார். மத்தியானத்துக்குமேல் மழை பிடித்துக்கொண்டது. அடுப்பு வெடித்தபோது கூரையில் ஓடு விலகிய இடைவெளி வழியாகத் தண்ணீர் நேரே கரியின்மேல் ஒழுகியது. பனையோலை விசிறியால் விசிறி விசிறி அவர் கண் சிவந்து போயிற்று. புகைதான் வந்தது.

முத்தாரம்மாள் ரோட்டு வேலை நடக்கிற இடத்துக்குத் தானே ஓடினாள். டிரம் கிடந்தது. ஆனால் மேஸ்திரி, "வெட்டுந்ந ஆள் எவிடெ?" என்று கேட்டான். கொத்தனார் ஊருக்குப் போக நெய்யாற்றின்கரை பஸ் ஏறிவிட்டார் என்று சாயாக்கடையில் சொன்னார்கள். திரும்பி ஓடிவந்து அம்மிணியம்மையின் முற்றத்தில் நின்றாள்.

"அம்மா, ஒரு நாலு நாள் பொறுங்க. அடுப்பு போனது என் குத்தம். பச்ச மண்ணில தெனமும் சாணி மெழுகிட்டேன்."

அம்மிணியம்மை சிரித்துவிட்டாள். "சாணகம் மெழுகியா அடுப்பு பொட்டுமோ? இது எந்தொரு கூத்து! சாணகம் ஐசுவரியமல்லே?" பிறகு சிரிப்பு அடங்கி, குரலைத் தாழ்த்தினாள். "எனிக்கு சங்கடம் உண்டு முத்தாரம்மே. ஆனா ஞான் எந்து செய்யும்? மருமகன் பூட்டும் சாமானும் கொண்டு வந்நு அகத்து இரிக்குந்நு. சந்தியா நேரம் வரைக்கும் ஞான் பிடிச்சு நிறுத்தாம். அதுக்கு மேல ஆவில்ல."

பின்வீட்டில் அந்தி விளக்கு ஏற்றினார்கள். திரவியம் விசிறியைக் கீழே வைத்தார். யாரும் வந்து கேட்கும்வரை காத்திருக்கவில்லை. தானே போய்ச் சாவியை அம்மிணியம்மையின் கையில் கொடுத்தார். குடைக்காரன் நல்ல பையன்தான். பெட்டிகளை உள்ளே இறக்கிக்கொண்டிருந்தவன், "சேட்டா, மழையாணு, ஒரு குடை எடுத்தோ," என்று நீட்டினான். திரவியம் அதை வாங்காமல் மழையில் இறங்கினார். கையில் மசாலா புரட்டிய எட்டுக் கோழியோடு அந்த மண்பானை. முத்தாரம்மாள் கம்பிக்கட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தாள்.

கரமனைப் பாலம் வந்ததும் திரவியம் நின்றார். பாலத்துக் கைப்பிடிச் சுவரில் பானையை வைத்துவிட்டு உட்கார்ந்தார். கீழே ஆறு செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் அவர் அழுது அவள் பார்த்ததில்லை. இப்போது பார்த்தாள்.

"நீலாவுக்கு என்னன்னு எழுதுகதுட்டீ?"

முத்தாரம்மாள் கம்பிக்கட்டை இறக்கி வைத்தாள்.

"நீ என்ன செய்வ, பாவம். முப்பத்தொரு நாளும் மழையில நனைஞ்சு வந்து மெழுகினியே. அதுக்காவது நிக்காண்டாமா? அந்தப் பாவி சேத்தைப் பூசி என் குடியைக் கெடுத்துட்டான். சாலைக் கடைத்தெருவுக்குப் போயி நாலு பேரு முன்ன சொல்லத்தான் போறேன்." முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். "அவன்தானே முத்து? நம்ம மேல என்ன தப்பு இருக்கு? நீ சொல்லு."

அவரிடமும் சொல்லிப் பார்த்தாள், அம்மிணியம்மையிடமும் சொல்லிப் பார்த்தாள். கேட்க ஆளில்லை. இனியும் ஒரு தடவை சொல்லலாம். சொன்னால் இந்த மனிதர் நம்பமாட்டார். நம்பிவிட்டாலோ, இந்தப் பாலத்தை விட்டு எழுந்திருக்கமாட்டார். கொத்தனாரின் தோல் உரிந்த முழங்கை அவள் கண்ணுக்குள் நின்றது.

"ஆமா," என்றாள் முத்தாரம்மாள். "அவருதான்."

திரவியம் மூக்கைச் சிந்திவிட்டு, பானையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.